லூவ்ருக்கு அடியில் ஒரு கோட்டை

பாரிஸ் நகரின் லூவ்ர் அருங்காட்சியகத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் மோனாலிசா ஓவியத்தைத் தேடி மேல்தளத்துக்கு விரைகிறார்கள். மேலே ஏறாமல், சுல்லி என்ற பகுதியின் கீழ்த்தளத்துக்குள் நடந்து பாருங்கள். மங்கலான விளக்கொளியில் நீண்ட பாதை ஒன்று வரும். அதன் ஓரத்தில் ஆளுயரத்தைப் பலமுறை தாண்டி நிற்கும் கல் மதில். இடையிடையே அரைவட்டமாகப் புடைத்து நிற்கும் கொத்தளங்களின் அடிப்பாகம். நாம் நடக்கும் அந்தப் பாதை ஒரு காலத்தில் அகழி. சேன் ஆற்று நீர் நின்ற இடம் அது. தலைக்கு மேலே இருப்பது இன்றைய அரண்மனை முற்றத்தின் தரை.

பிரான்சு மன்னர்களின் இடைக்காலக் கோட்டை ஒன்று இங்கே இருந்தது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுந்த அதன் கடைசிச் சுவர்கள் 17-ஆம் நூற்றாண்டில் தரைமட்டமாயின. எதிரிப் படை எதுவும் அதைத் தகர்க்கவில்லை. நிலநடுக்கமோ பெருந்தீயோ விழுங்கவும் இல்லை. அதைக் கட்டி ஆண்ட அரச மரபின் வழிவந்தவர்களே, தலைமுறை தலைமுறையாக, தங்கள் தேவை மாற மாற, கொஞ்சம் கொஞ்சமாக அதை இடித்தார்கள். ஒரு கோட்டை எப்படித் தொலைகிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது. உலகின் பல கோட்டைகள் போரில் அழிந்ததாக நாம் எண்ணிக்கொள்கிறோம். உண்மையில் பலவற்றைத் தின்றது உரிமையாளர்களின் வசதித் தேவைதான்.

கோட்டை என்பது என்ன?

ஐரோப்பிய வரலாற்றில் இடைக்காலம் என்று சொல்வது தோராயமாக 5-ஆம் நூற்றாண்டிலிருந்து 15-ஆம் நூற்றாண்டு வரையிலான காலம். அக்காலத்துக் கோட்டையை நகர மதிலோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. நகர மதில் ஊருக்குப் பொது. கோட்டை என்பது ஒரு தலைவனுக்கு, அவன் குறுநில மன்னனாக இருந்தாலும் பேரரசனாக இருந்தாலும், சொந்தமான அரண். அவன் குடியிருப்பு, படைவீடு, கருவூலம், சிறை, வழக்கு தீர்க்கும் மன்றம் எல்லாம் ஒரே மதிலுக்குள் இருக்கும். சுற்றியுள்ள நிலத்தின் மேல் அவனுக்கு அதிகாரம் உண்டு என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி அறிவிக்கும் கட்டடமும் அதுவே.

தொடக்கத்தில் இவை மண்மேட்டின் மேல் மரத்தால் கட்டிய அரண்களாக இருந்தன. பிறகு கல்லுக்கு மாறின. கல் கோபுரங்களைப் பெரும்பாலும் சதுரமாகவே கட்டினார்கள். சதுரக் கோபுரத்தில் ஒரு பலவீனம் உண்டு: அதன் மூலைகள். எதிரி வீரர்கள் மூலைக்கு அடியில் சுரங்கம் தோண்டி அடித்தளக் கல்லைப் பெயர்த்துவிட்டால் மூலை சரியும், அதோடு இரண்டு பக்கச் சுவரும் இறங்கும். கவண்பொறி எறியும் கல்லும் மூலையில் பட்டால் சேதம் அதிகம். மேலே நிற்கும் காவலர்களுக்கு மூலைகளுக்கு நேர் எதிரே உள்ள நிலம் சரியாகத் தெரியாது. 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரான்சின் அரசக் கட்டடக் கலைஞர்கள் இதற்கு ஒரு தீர்வை முறைப்படுத்தினார்கள். மதிலை நாற்கரமாக நேர்த்தியாக அமைப்பது. மூலைகளிலும் பக்கங்களின் நடுவிலும் உருண்டைக் கொத்தளங்களை மதிலுக்கு வெளியே நீட்டிக் கட்டுவது. ஒரு கொத்தளத்தில் நிற்பவன் அடுத்த கொத்தளம் வரையிலான மதிலின் அடியைப் பக்கவாட்டில் அம்பெய்து காக்கலாம். எதிரி எங்கே வந்து நின்றாலும் இரண்டு பக்கமிருந்து அம்பு வரும்.

இந்த முறையைப் பிரான்சு முழுவதும் பரப்பியவர் மன்னர் இரண்டாம் பிலிப். பிலிப் ஒகுஸ்த் என்பது அவர் சிறப்புப் பெயர். லூவ்ர் கோட்டை அவருடையது.

மேற்கிலிருந்து வரும் ஆபத்து

பிலிப் அரியணை ஏறியது 1180-இல். வரைபடத்தில் பிரான்சு பெரிதாகத் தெரிந்தாலும் மன்னரின் நேரடி ஆட்சியில் இருந்த நிலம் பாரிஸைச் சுற்றிய ஒரு பகுதிதான். மேற்கே நார்மண்டி, அஞ்சூ, தெற்கே அக்கித்தேன் என்று நாட்டின் பெரும்பகுதி இங்கிலாந்து அரசர்களின் கையில் இருந்தது. பெயரளவில் அவர்கள் அந்த நிலங்களுக்குப் பிரெஞ்சு மன்னருக்குக் கீழ்ப்பட்டவர்கள். வலிமையில் அவரைவிடப் பெரியவர்கள். நார்மண்டி எல்லை பாரிஸிலிருந்து நூறு கிலோமீட்டர் கூட இல்லை. சேன் ஆறு பாரிஸ் வழியாக ஓடி நார்மண்டியைக் கடந்துதான் கடலில் கலக்கிறது. அந்த ஆற்றின் வழியாகவே 885-இல் வைக்கிங்குகள் வந்து பாரிஸை முற்றுகையிட்டார்கள். அந்தப் பாதை திறந்துதான் கிடந்தது.

1190-இல் பிலிப் மூன்றாம் சிலுவைப் போருக்குப் புறப்பட வேண்டியிருந்தது. மன்னர் இல்லாத நேரத்தில் தலைநகரை என்ன செய்வது? ஆற்றின் வலது கரையில் இருந்த நகரப் பகுதியைச் சுற்றி மதில் எழுப்ப ஆணையிட்டுவிட்டுப் போனார். அந்த மதில் மேற்கே ஆற்றைத் தொடும் இடம்தான் எதிரி முதலில் வந்து மோதும் இடம். அங்கே மதிலுக்கு வெளியே, ஆற்றங்கரையை ஒட்டி, ஒரு கோட்டையைக் கட்டினார்கள். நகருக்கு வெளியே கட்டினார்கள் என்பதைக் கவனியுங்கள். இதன் முதல் வேலை நகருக்கு முன்னால் நின்று அடியைத் தாங்குவது. மன்னர் குடியிருந்த அரண்மனை வேறு: அது ஆற்றின் நடுவே சித்தே தீவில் இருந்தது.

கோட்டையின் அளவு பிரமாண்டமானது அல்ல. ஏறக்குறைய 78 மீட்டருக்கு 72 மீட்டர். பத்து உருண்டைக் கொத்தளங்கள். தெற்கே ஆற்றைப் பார்த்து ஒரு வாசல், கிழக்கே நகரைப் பார்த்து ஒரு வாசல். இரண்டையும் இரட்டைக் கொத்தளங்கள் காத்தன. சுற்றிலும் சுமார் 10 மீட்டர் அகல அகழி. கிழக்கு வாசலின் தூக்குப்பாலத்தைத் தாங்கிய கல் தூணின் அடிப்பகுதி இன்றும் கீழ்த்தளத்தில் நிற்கிறது. மதிலின் அடிப்பாகம் வெளிப்பக்கம் சரிவாக இறங்கும். சுரங்கம் தோண்டுபவனுக்கு அந்தத் தடிமன் தொல்லை. மேலிருந்து போடும் கல் அந்தச் சரிவில் பட்டுத் தெறித்து எதிரியின் மேல் பாயும்.

முற்றத்தின் நடுவே, எதையும் ஒட்டாமல் தனியாக, பெருங்கோபுரம் நின்றது. விட்டம் 15 மீட்டருக்கும் சற்று மேல், உயரம் ஏறத்தாழ 30 மீட்டர், சுவரின் தடிமன் நான்கு மீட்டருக்கு மேல். அதைச் சுற்றித் தனியாக ஓர் உலர்ந்த அகழி, கல் பாவியது. வெளி மதில் விழுந்தாலும் உள்ளே கிணறும் உணவும் வைத்துக்கொண்டு தாக்குப்பிடிக்கக்கூடிய கடைசிப் புகலிடம் அது. 1202 வாக்கில் கோட்டை முடிந்துவிட்டது.

இரண்டே ஆண்டுகளில், 1204-இல், பிலிப் நார்மண்டியையே கைப்பற்றிவிட்டார். இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட் சேன் ஆற்றின் மேல் கட்டிய காயார் கோட்டை வீழ்ந்தது. ரூவான் நகரம் பணிந்தது. எந்த எல்லைக்காக லூவ்ர் கோட்டை எழுந்ததோ அந்த எல்லை மேற்கே வெகுதூரம் போய்விட்டது. கோட்டை முழுமை பெற்ற சூட்டிலேயே அதன் முதல் காரணம் மறைந்தது. இதற்குப் பிறகு வந்த நான்கரை நூற்றாண்டுகள் இந்தக் கோட்டைக்குப் புதுப்புதுக் காரணம் தேடிய காலம் என்றே நான் படிக்கிறேன்.

கோபுரத்தின் பேரில் சத்தியம்

முதலில் கிடைத்த காரணங்கள் சிறையும் பெட்டகமும். நான்கு மீட்டர் சுவர் வெளியாளை உள்ளே விடாதது போலவே உள்ளிருப்பவனையும் வெளியே விடாது. 1214 ஜூலை 27 அன்று பூவின் போர்க்களத்தில் பிலிப் பெற்ற வெற்றியில் ஃபிளாண்டர்ஸ் பகுதியின் பிரபு ஃபெர்ரான் சிறைப்பட்டார். பாரிஸ் வீதிகளில் அவரைக் கொண்டுவந்து பெருங்கோபுரத்தில் அடைத்தார்கள். 1227 வரை அவர் விடுதலை பெறவில்லை.

இதைவிட ஆழமான பயன் ஒன்று உண்டு. அக்காலச் சமூகத்தில் நிலம் என்பது மேலிருந்து கீழாக ஒப்படைக்கப்படும் பொருள். மன்னர் பெரும் பிரபுவுக்குக் கொடுப்பார், அவர் தனக்குக் கீழ் உள்ளவருக்குக் கொடுப்பார். பெற்றவர் கொடுத்தவர் முன் மண்டியிட்டு, கைகளை அவர் கைகளுக்குள் வைத்து, விசுவாசம் சொல்ல வேண்டும். மன்னரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்ற பிரபுக்கள், தங்கள் நிலம் லூவ்ரின் பெருங்கோபுரத்தைச் சார்ந்தது என்று ஆவணங்களில் எழுதினார்கள். மன்னர் மாறுவார், சாவார், கோபுரம் நிற்கும். நாடு முழுவதும் விரிந்த அதிகாரத்துக்கு ஒரு கல் முகவரி வேண்டியிருந்தது, கோபுரம் அந்த முகவரியானது. கோபுரத்தை இடித்துப் பல தலைமுறைக்குப் பிறகும், 18-ஆம் நூற்றாண்டு வரை, நில ஆவணங்களில் அதன் பெயர் எழுதப்பட்டுக்கொண்டே இருந்தது. கட்டடம் போய்விட்டது, சட்டத்தில் அது நின்றது. ஒரு கோட்டை வெறும் கல் இல்லை என்பதற்கு இந்த ஒரு செய்தி எனக்குப் போதும்.

பிலிப்பின் பேரன் ஒன்பதாம் லூயி காலத்தில், 1230-களை ஒட்டி, மேற்குப் பக்கத்தில் ஒரு கூடம் கல் வளைவுக் கூரையோடு சீரமைக்கப்பட்டது. மன்னர்கள் அவ்வப்போது வந்து தங்கத் தொடங்கியதன் அறிகுறி அது. அந்தக் கூடத்தின் கீழ்ப்பகுதியும் தூண்களும் இன்றும் உள்ளன.

புத்தகங்கள் வந்த கோட்டை

லூவ்ரை வீடாக மாற்றியவர் ஐந்தாம் சார்லஸ். அவர் 1364 முதல் 1380 வரை ஆண்டார். அவர் பட்டத்து இளவரசராக இருந்தபோது அவர் தந்தை ழான் மன்னர் 1356-இல் புவாத்தியே போரில் ஆங்கிலேயரிடம் சிறைப்பட்டார். அரசு தள்ளாடியது. பாரிஸ் வணிகர்களின் தலைவர் எத்தியேன் மார்செல் கலகத்துக்குத் தலைமை தாங்கினார். 1358 பிப்ரவரியில் கலகக்காரர்கள் தீவில் இருந்த அரண்மனைக்குள் புகுந்து, இளைஞர் சார்லஸின் கண் முன்பாகவே அவருடைய இரண்டு படைத்தலைவர்களைக் கொன்றார்கள். ஆட்சிக்கு வந்த பிறகு அவர் அந்தப் பழைய அரண்மனையில் வாழ விரும்பாததில் வியப்பில்லை. ஆற்றோரக் கோட்டை அவருக்குப் பாதுகாப்பாகத் தெரிந்தது.

அதே காலத்தில் பாரிஸ் வளர்ந்து பழைய மதிலைத் தாண்டிவிட்டது. வலது கரையில் இன்னும் வெளியே தள்ளிப் புதிய மதில் எழுந்தது. இதனால் நகருக்கு வெளியே காவல் நின்ற லூவ்ர் நகருக்கு உள்ளே வந்துவிட்டது. இனி அது எல்லைக் காவல் கோட்டை அல்ல. சார்லஸ் தன் கட்டடக் கலைஞர் ரேமோன் டு தாம்ப்லை அழைத்து வேலையை ஒப்படைத்தார்.

அவர் மதில்களை இடிக்காமல் அவற்றின் மேல் மாடிகளை உயர்த்தினார். அம்புத் துளைகள் இருந்த இடத்தில் பெரிய சாளரங்களைத் திறந்தார். கொத்தளங்களின் தலையில் கூம்புக் கூரைகளும் காற்றுத் திசை காட்டிகளும் புகைபோக்கிகளும் வந்தன. பெருங்கோபுரத்தின் பக்கத்தில் ஒரு பெரிய சுழல் படிக்கட்டைக் கட்டி, அரசரும் அரசியும் அரச குடும்பத்தினரும் சிலைகளாக அதன் வெளிப்புறத்தில் நிற்கும்படி செய்தார். படிக்கு ஏற்ற பெரிய கல் பலகைகள் போதாமல், இன்னொசான் இடுகாட்டிலிருந்து பழைய கல்லறைக் கற்களை வாங்கிப் படிகளாக்கினார்கள் என்று கணக்குப் பதிவு சொல்கிறது. ஓர் அரச மாளிகையின் கணக்கேட்டில் இப்படி ஒரு வரியைப் பார்க்கும்போது, அந்தக் காலத்து மனிதர்கள் சட்டென்று பக்கத்தில் வந்து நிற்கிறார்கள்.

சார்லஸ் செய்தவற்றில் என் மனம் அதிகம் தங்குவது நூலகத்தில். வடமேற்கு மூலையில் வேட்டைப் பருந்துகளைப் பழக்கும் கொத்தளம் ஒன்று இருந்தது. 1367, 1368 ஆண்டுகளில் அதை அவர் நூலகமாக்கினார். மூன்று தளங்கள், சுவர்களுக்கும் கூரைக்கும் மரப் பலகை, பறவைகளும் மற்ற உயிரினங்களும் நுழையாதபடி சாளரங்களுக்குக் கம்பி வலை. ஜில் மாலே என்ற பணியாளர் நூலகத்தைக் கவனித்துக்கொண்டார். அவர் 1373-இல் தயாரித்த பட்டியலில் 900-க்கும் மேற்பட்ட கையெழுத்துப் பிரதிகள் இருந்தன. அச்சு இயந்திரம் வருவதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முந்தைய காலம் அது. ஒவ்வொரு நூலும் கையால், பெரும்பாலும் தோலின் மேல், எழுதியது. எந்த நூல் எந்தத் தளத்தில் இருக்கிறது, எது இரவல் போயிருக்கிறது என்பதும் பதிவானது.

சார்லஸ் அவற்றை அழகுக்காக மட்டும் சேர்க்கவில்லை. லத்தீன் மட்டும் அறிந்த கல்விமான்களின் கையில் இருந்த அறிவைத் தன் அவையினரின் மொழிக்குக் கொண்டுவர விரும்பினார். நிக்கோல் ஓரெம் என்ற அறிஞர் அரிஸ்டாட்டிலின் ஒழுக்கவியல், அரசியல் நூல்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தது மன்னரின் வேண்டுகோளால்தான். அறுபது ஆண்டுகள் கூட அந்தச் சேகரிப்பு முழுதாக நிலைக்கவில்லை. 1420-களில் பாரிஸ் ஆங்கிலேயர் வசம் இருந்தபோது, ஆட்சிப் பொறுப்பில் இருந்த பெட்ஃபோர்டு கோமகன் நூலகத்தை விலைக்கு வாங்கினார். 1435-இல் அவர் இறந்ததும் நூல்கள் பல திசைகளில் சிதறின. பிரான்சின் தேசிய நூலகம் தன் வரலாற்றைச் சொல்லும்போது இந்தக் கொத்தளத்திலிருந்துதான் தொடங்குகிறது. இடையில் தொடர்ச்சி அறுந்தாலும், சிதறிய பிரதிகளில் சில பின்னாளில் அங்கே வந்து சேர்ந்தன. புதுச்சேரியிலிருந்தும் சுற்று வட்டாரத்திலிருந்தும் போன தமிழ்ச் சுவடிகளும் கையெழுத்துப் பிரதிகளும் இன்று இருப்பது அதே தேசிய நூலகத்தில்தான்.

1378 ஜனவரியில் புனித ரோமப் பேரரசர் நான்காம் சார்லஸ் பாரிஸுக்கு வந்தார். பிரெஞ்சு மன்னர் அவரை அழைத்துப்போய் லூவ்ரைச் சுற்றிக் காட்டினார். கோட்டையின் புகழ் உச்சியில் இருந்த நாட்கள் அவை. பிறகு இறக்கம் வேகமாக வந்தது. அடுத்த மன்னர் ஆறாம் சார்லஸுக்கு 1392-இல் மனநோய் தொடங்கியது, பிரபுக்களிடையே உள்நாட்டுப் போர், ஆங்கிலேயர் ஆட்சி. 1436-இல் பாரிஸ் மீண்டபோதும் மன்னர்கள் லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கின் மாளிகைகளையே விரும்பினார்கள். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக்கு லூவ்ர் ஆயுதக் கிடங்காகவும் சிறையாகவும் கிடந்தது.

இடித்தவர்கள்

1525-இல் பாவியா போரில் மன்னர் முதலாம் பிரான்சுவா சிறைப்பட்டார். மறு ஆண்டு விடுதலையானவருக்குப் பாரிஸ் நகரத்தாரின் ஆதரவும் பணமும் தேவை. இனிமேல் பாரிஸிலும் அதன் சுற்றுப்புறத்திலும்தான் அதிகம் தங்கப்போவதாக 1528 மார்ச்சில் நகருக்குக் கடிதம் எழுதினார். தங்க இடம்? லூவ்ர் இருட்டாகவும் நெருக்கமாகவும் இருந்தது. முற்றத்தின் நடுவில் முப்பது மீட்டர் கோபுரம் நின்றால் எந்தச் சாளரத்துக்கு வெயில் வரும்? அந்த ஆண்டின் தொடக்கத்திலேயே பெருங்கோபுரத்தை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். நான்கு மீட்டர் தடிமனுள்ள சுவர் எளிதில் மசியவில்லை, வேலை பல மாதம் இழுத்தது. அக்காலப் பாரிஸ்வாசி ஒருவர் தன் நாட்குறிப்பில், அழகும் உயரமும் வலிமையும் வாய்ந்த கோபுரத்தை இடித்தது பெரிய இழப்பு என்று எழுதிவைத்தார். பெரிய மனிதர்களைச் சிறை வைக்கப் பொருத்தமான இடம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

பீரங்கிகள் பெருகிவிட்ட காலம் அது. உயரமான கல் மதில்களால் வெடிமருந்தைத் தாங்க முடியாது என்பது தெரிந்துபோயிற்று. கோபுரம் படைக்கலமாகப் பயனற்றுப் போனதும், இடத்தை அடைக்கும் பொருளாக மட்டுமே மிஞ்சியது. 1540 ஜனவரியில் புனித ரோமப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ் (நூலகம் அமைத்த பிரெஞ்சு மன்னர் அல்ல, அதே பெயருடைய வேறொருவர்) விருந்தினராக வந்தபோது பழைய கோட்டையைப் பூசி மெழுகி அலங்கரிக்க வேண்டியிருந்தது. 1546-இல் பிரான்சுவா கட்டடக் கலைஞர் பியேர் லெஸ்கோவிடம் மேற்குப் பகுதியைப் புதிதாகக் கட்டும் பொறுப்பைக் கொடுத்தார். அடுத்த ஆண்டே மன்னர் இறந்தார். மகன் இரண்டாம் ஆன்ரி வேலையைத் தொடர்ந்தார்.

லெஸ்கோவின் கட்டடம் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியில் சிற்பங்களும் பெரிய சாளரங்களுமாக எழுந்தது. பழைய மேற்கு மதிலின் அடித்தளத்தின் மேலேயே அதைக் கட்டினார்கள். பிறகு தெற்குப் பக்கம் மாறியது. வடக்கும் கிழக்கும் அப்படியே நின்றன. குடியிருந்துகொண்டே பழைய வீட்டை இடித்துக் கட்டும் குடும்பம் போல, பிரெஞ்சு அரசர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பாதிக் கோட்டையும் பாதி மாளிகையுமான முற்றத்தில் வாழ்ந்தார்கள். ஒரு பக்கம் பளிங்குபோல் செதுக்கிய முகப்பு, எதிர்ப்பக்கம் பிலிப் காலத்துக் கொத்தளம்.

பதின்மூன்றாம் லூயி காலத்தில், 1624 முதல், ழாக் லெமெர்சியே முற்றத்தை நான்கு மடங்காக விரிக்கும் பணியைத் தொடங்கினார். வடக்கு மதில் போயிற்று. பதினான்காம் லூயி காலத்தில், 1660-ஐ ஒட்டி, லூயி லெ வோ மிச்சமிருந்த கிழக்குப் பக்கத்தையும் அகற்றினார். பழைய கோட்டை முழுவதும் இப்போது புதிய சதுர முற்றத்தின் தென்மேற்குக் கால்பகுதிக்குள் அடங்கிவிட்டது. இடிபாட்டை அகழிக்குள் தள்ளி நிரப்பி மேலே தளம் போட்டார்கள். இத்தனை பாடுபட்டு விரித்த அரண்மனையை விட்டு 1682-இல் அரசவை வெர்சாய்க்குப் போய்விட்டது. 1793 ஆகஸ்டு 10 அன்று அதே கட்டடத்தில் பொதுமக்களுக்கான அருங்காட்சியகம் திறந்தது.

இல்லாத கோட்டையைப் படிப்பது எப்படி?

ஒரு கல்லும் தெரியாமல் போன கோட்டையைப் பற்றி இவ்வளவு விவரம் எப்படிக் கிடைத்தது? வரலாற்றாய்வில் புதியவர்கள் தவறாமல் கேட்க வேண்டிய கேள்வி இது. மூன்று வகைச் சான்றுகள் கைகொடுத்தன.

முதலாவது ஓவியம். பிரெஞ்சு மன்னர் ஐந்தாம் சார்லஸின் தம்பி, பெர்ரி கோமகன் ழான், 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிம்பூர் சகோதரர்களைக் கொண்டு ஒரு பிரார்த்தனை நூலைத் தயாரிக்கச் செய்தார். அதில் மாதத்துக்கு ஒரு படம். அக்டோபர் படத்தில் சேன் ஆற்றின் இடது கரையிலிருந்து பார்க்கும் லூவ்ர் முழுமையாக நிற்கிறது: வெண்ணிற மதில், கொத்தளங்கள், நடுவே தலை தூக்கும் பெருங்கோபுரம். முன்னால் ஒருவன் விதைக்கிறான். இன்னொருவன் குதிரை பூட்டிய பரம்பை ஓட்டுகிறான், பரம்பின் மேல் பாரத்துக்குக் கல். வில்லேந்திய வீரன் வடிவில் ஒரு சோளக்கொல்லைப் பொம்மை. பொம்மைக்குப் பயப்படாமல் விதையைப் பொறுக்கும் பறவைகள். இந்தப் படம் இப்போது ஷான்தியி ஊரின் கோந்தே அருங்காட்சியகத்தில் உள்ளது. வேறு இரண்டு தேவாலய ஓவியங்களின் பின்னணியிலும் கோட்டை வருகிறது. அவை லூவ்ரிலேயே உள்ளன.

இரண்டாவது கணக்கேடு. கூலி, கல், மரம், கம்பி வலை என்று செலவான ஒவ்வொன்றையும் அரசுக் கணக்கு மன்றம் பதிந்து வைத்திருந்தது. 1737-இல் அங்கே தீப்பிடித்து ஏராளமான ஏடுகள் சாம்பலாயின. நல்ல வேளையாக, 17-ஆம் நூற்றாண்டில் ஆன்ரி சொவால் என்ற வரலாற்றாசிரியர் அவற்றில் பலவற்றைப் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தார். அவர் 1676-இல் இறந்தார். குறிப்புகள் 1724-இல்தான் அச்சேறின. ஒரு மனிதர் உட்கார்ந்து பிரதி எடுத்த உழைப்பு இல்லையென்றால் கல்லறைக் கல் படிகளைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாமலே போயிருக்கும். சொவாலுக்கு நான் உண்மையாகவே நன்றியுடையவன்.

மூன்றாவது மண். 1866-இல் அடோல்ஃப் பெர்ட்டி முற்றத்தில் குழி தோண்டி, ஏடுகள் சொன்ன இடத்திலேயே மதிலும் கோபுரமும் இருப்பதை உறுதிசெய்தார். கோட்டையின் வடிவத்தை முற்றத்தின் கல்தளத்திலேயே கோடாகப் பதித்தார்கள், குழிகள் மூடப்பட்டன. நூறாண்டுக்கு மேல் கழித்து, 1981-இல் அதிபர் மித்தெரான் அருங்காட்சியகத்தை விரிவாக்கும் பெருந்திட்டத்தை அறிவித்தார். கண்ணாடிப் பிரமிடு எழுந்தது அதன் பகுதியாகத்தான். அந்த வாய்ப்பில் 1983 முதல் 1985 வரை மிஷேல் ஃப்ளூரியும் வென்செஸ்லாஸ் குருட்டாவும் சதுர முற்றத்தில் முழு அகழாய்வு நடத்தினார்கள்.

அடியில் கிடைத்தது எதிர்பார்த்ததைவிட நல்ல நிலையில் இருந்தது. காரணம் எளிது. இடித்தவர்களுக்குத் தரைக்கு மேலே உள்ள இடம் மட்டுமே வேண்டும். அகழியின் அடிவரை இறங்கிப் பெயர்ப்பது வீண் செலவு. தரைக்குக் கீழே இருந்த பல மீட்டர் உயர மதிலை அப்படியே விட்டு மண்ணால் மூடினார்கள். மழையும் வெயிலும் படாமல் அந்தக் கற்கள் காக்கப்பட்டன. மேலே அரண்மனை இருந்ததால் வேறு யாரும் வந்து கல்லைப் பெயர்த்துக்கொண்டு போகவும் முடியவில்லை. கோட்டையை விழுங்கிய அரண்மனையே அதன் அடிப்பாகத்துக்குக் காவலாகவும் இருந்தது.

கற்களில் கல்தச்சர்கள் வெட்டிய அடையாளக் குறிகள் தெளிவாக இருக்கின்றன. அவற்றில் இதய வடிவமும் உண்டு. யார் வெட்டிய கல் என்று தெரிய இப்படிக் குறி இடுவது அக்கால வழக்கம். பெருங்கோபுரத்தின் கிணற்றுக்குள்ளிருந்து பொன்முலாம் பூசிய உலோகத் துண்டுகள் பல கிடைத்தன. பொறுமையாக ஒட்டிச் சேர்த்தபோது அது லில்லி மலர் அணி கொண்ட ஒரு தலைக்கவசமாக வந்தது. ஆறாம் சார்லஸ் மன்னரின் பொருட் பட்டியலில் இருந்த வர்ணனையோடு அது பொருந்தியது. மனம் குலைந்த மன்னர் என்று மட்டுமே வரலாறு நினைவு வைத்திருக்கும் ஒருவர் தலையில் அணிந்த பொருள், ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து, 1984-இல் வெளியே வந்தது.

போகிறவர்களுக்கு

பிரமிடின் கீழே உள்ள கூடத்திலிருந்து சுல்லி வாசல் வழியாக நுழையுங்கள். முதலில் வெளி அகழி வரும். வடக்கு, கிழக்கு மதில்கள் உங்கள் பக்கத்தில் இருக்கும். தெற்கும் மேற்கும் லெஸ்கோ வழிவந்த கட்டடங்களின் அடியில் சிக்கியிருப்பதால் அவற்றை அகழ முடியவில்லை. தூக்குப்பாலத் தூணைத் தாண்டினால் பெருங்கோபுரத்தின் உலர்ந்த அகழிக்குள் வந்துவிடுவீர்கள். அங்கே கற்குறிகளைத் தேடிப் பாருங்கள், அவசரப்பட்டால் கண்ணில் படாது. கடைசியில் ஒன்பதாம் லூயி காலத்துக் கூடம். பிறகு மேலே ஏறி சதுர முற்றத்துக்கு வந்து, தரையில் பதித்த கோட்டை வரைகோட்டின் மேல் ஒருமுறை நடந்தால், கீழே பார்த்தது எந்த அளவு என்று புரியும்.

உள்ளே பார்த்தது அடிப்பாகம் மட்டுமே. மேற்பாகம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய விரும்புகிறவர்கள் பாரிஸின் தென்மேற்கே சுமார் 50 கிலோமீட்டரில் உள்ள தூர்தான் ஊருக்குப் போகலாம். புறநகர் ரயிலின் சி தடம் அங்கே போகிறது. 1220-களில் அதே பிலிப் அங்கே கட்டிய கோட்டை ஊர் நடுவே நிற்கிறது. அளவில் சிறியது, பெருங்கோபுரத்தை நடுவில் வைக்காமல் ஒரு மூலைக்கு நகர்த்திவிட்டார்கள். நாற்கர மதில், உருண்டைக் கொத்தளங்கள், இரட்டைக் கொத்தள வாசல், கோபுரத்துக்குத் தனி அகழி என்று மற்றெல்லாம் லூவ்ரின் இலக்கணமே.